புருவத்து மாவு

"சொல்லுங்க மிஸ், அவங்கம்மா நல்லாருக்குதுன்னு சொல்லுங்க" என்கிறார் குழந்தைவேல். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் மகளைப் பார்த்தும் சொல்லவில்லை, என் கைகளைப் பார்த்துச் சொல்கிறார், திருகினால் தண்ணீர் வரும் குழாயைப் பார்ப்பதுபோல. கைகள் என் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இவ்வளவு கனமானவை என்று இதுவரை தெரியாது. சங்கவி காத்திருக்கிறாள். வந்து உட்கார்ந்ததும் அப்பாவின் மழித்து முள்விட்ட தலையைப் பார்த்தாள், அவர் நீட்டிய பஞ்சாமிர்த டப்பாவை வாங்கிப் பெஞ்சில் வைத்தாள், பிறகு என் பக்கம் திரும்பி, மணிக்கட்டின் பின்புறத்தால் புருவத்தை ஒருமுறை துடைத்துவிட்டு உள்ளங்கையை விரித்தாள். அம்மா எங்கே? அவ்வளவுதான் கேட்டாள். அதற்குப் பதில் இந்த மனிதரிடம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகிலிருந்து என்னிடமும் இருக்கிறது. இரண்டு பேரிடமும் இருக்கிற பதிலை விட்டுவிட்டு, இல்லாத ஒன்றை என் கையால் செய்து தரச் சொல்கிறார். "வேலைக்குப் போயிருக்குது, லீவு கிடைக்கலைன்னு சொல்லுங்க. மொட்டை, பழனிக்கு நேந்துக்கிட்டதுன்னு சொல்லுங்க. பாப்பா பரிட்சைக்காகன்னு." டப்பாவின் மேல் மயில் தோகை விரித்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் வாங்கியிருப்பார். மகன் இல்லாததால் மனைவிக்குக் கொள்ளி வைத்தவர் இவர்தான், அதற்காக மழித்த தலை இது, அந்தத் தலைக்குப் பொய்ச்சாட்சி சொல்ல ஒரு டப்பா. சாட்சியைத் தயார் செய்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிற மனிதர், வழியில் ஒரு நிமிஷமாவது நினைத்துப் பார்த்திருப்பாரா, இந்தப் பெண்ணும் ஒரு ஆள் என்று, செத்தவள் இவளுக்கும் ஏதோ உறவு என்று.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், காது கேளாதோர் பள்ளி விடுதியில் பெற்றோர் வந்து பார்க்கும் கொட்டகை. தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு டக் டக்கென்று சத்தமிடுகிறது. ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு குடும்பம், ஒவ்வொரு குடும்பத்தின் நடுவிலும் ஒரு பெண்பிள்ளை. சுற்றி எல்லாரும் கத்துகிறார்கள். சாப்ட்டியா, சாப்ட்டியா, சாப்ட்டியா. கத்தினால் கேட்டுவிடும் என்று இன்னும் நம்புகிறார்கள், கத்திவிட்டு ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டு போகிறார்கள். பிள்ளை பிறந்து இத்தனை வருஷத்தில் பெற்றவர்கள் கற்றுக்கொண்ட மொத்தப் பாஷையும் அதுதான். சாப்ட்டியா. மாட்டைக் கூடக் கேட்பார்கள் அதை. நீ யாரோடு சண்டை போட்டாய், எந்தப் பாடம் பிடிக்கவில்லை, உனக்கு எதைக் கண்டால் பயம், ஒன்றும் கேட்க வராது, கேட்கத் தோன்றாது. பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள், சாப்பிட்டேன். பெற்றோர் போன பிறகு படுக்கை அறைக்கு ஓடி வந்து தங்களுக்குள் பேசித் தீர்ப்பார்கள், அத்தனை கைகளும் ஒரே நேரத்தில், புறாக் கூண்டைத் திறந்துவிட்டதுபோல. அந்தக் கூண்டுக்குள் நான் எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு வந்து சேர்ந்தேன், வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று. ஓய்வு கொடுத்தும் போகவிடவில்லை, கையில் பேசத் தெரிந்த வார்டன் வேறு யாரும் இல்லையாம். இப்போது என்னை வார்டன் என்று சொல்வதில்லை, விடுதி ஆலோசகர் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ஆலோசகர். யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டார்களா?

கேட்கவில்லை, உத்தரவு போட்டார்கள். மதியம் தட்டு கழுவுகிற நேரத்தில் பிரமிளா மேடம் அறைக்குக் கூப்பிட்டார். தலைமையாசிரியை அறைக்கு மூன்று பக்கம் சுவர், முற்றத்தைப் பார்த்த நாலாம் பக்கம் முழுக்கக் கண்ணாடி, பிள்ளைகளைக் கண்காணிக்க. "சௌந்தரம் மிஸ், சங்கவியோட அப்பா கேட்ல நிக்கிறார். அவங்க அம்மா இறந்து போச்சு. போன மாசமே போன் வந்துடுச்சு. நான்தான் இப்ப சொல்ல வேணாம்னுட்டேன்." கண்ணாடிக்கு வெளியே குழாயடியைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னார், மழை வரும்போலிருக்கு என்பதுபோல. போன மாசமா? போன மாசத்திலிருந்து இது தெரியாமலே அந்தப் பிள்ளைக்கு நான் தலைவாரிவிட்டுக்கொண்டிருக்கிறேன். "பப்ளிக் எக்ஸாம் முடியட்டும். நூறு பர்சன்ட் ரிசல்ட் வாங்கற ஸ்கூல் இது. இவ ஒருத்தி உட்கார்ந்து அழுதா கூட இருக்கற பத்துப் பேரும் அழுவாங்க, உங்களுக்கே தெரியும்." தெரியும். அழ வேண்டியதற்கு அழுதால் என்ன? "அப்பா என்ன சொல்றாரோ அதை மட்டும் கையில சொல்லுங்க. நடுவுல நீங்க ஒண்ணும் சேக்காதீங்க." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், பெற்ற தாய் மேடம் என்றோ என்னவோ. அதற்கு அவர் சொன்னது இன்னும் காதுக்குள் முள்ளாய் நிற்கிறது. "அங்க கூட்டிட்டுப் போயிருந்தாலும் என்ன ஆயிருக்கும்? ஒப்பாரி கேட்கப் போகுதா அவளுக்கு?" ஒப்பாரி கேட்காது. அதனால் துக்கமும் கேட்காது. காதில்லாத இடத்தில் நெஞ்சும் இருக்காது. என்ன கணக்கு இது, எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள், இந்தப் பிள்ளைகளோடு ஒரு ஆயுளைக் கழித்த பெண்மணி வாயிலிருந்து இது எப்படி வந்தது, அதுவும் எவ்வளவு தெளிவாக வந்தது. உதட்டசைவு கற்றுக்கொடுத்துக் கொடுத்துப் பிரமிளா மேடத்துக்கு வாயை மூடிப் பேசவே வராது. ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டை விரிப்பார், குவிப்பார், பல் காட்டுவார், ரகசியத்தைக் கூடப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசுவதுபோலத்தான் பேசுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கிற பெயரே அதுதான், இரண்டு ஆள்காட்டி விரலாலும் வாயின் இரண்டு ஓரத்தையும் இழுத்துக் காட்டுவது. எனக்குச் சிரிப்பு வரும். இன்றைக்கு வரவில்லை.

"மிஸ்?" என்கிறார் குழந்தைவேல். சொல்கிறேன் ஐயா, சொல்கிறேன். இவர் கெட்டவர் இல்லை. சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர், முழங்கையெல்லாம் தீப்பொறி சுட்ட புள்ளிகள். மகளுக்குத் தோடு வாங்கிப் போட்டிருக்கிறார், ஜுரம் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக வந்து நின்றிருக்கிறார். ஆனால் ஒரு சொல் கற்றுக்கொள்ளவில்லை. எப்போது கேட்டாலும், "எனக்கு அதெல்லாம் வராதுங்க மிஸ், எல்லாம் அவதான் பேசுவா" என்பார். ஆமாம், அவள்தான் பேசுவாள். சரோஜினி. சவ்வரிசி ஆலையில் வேலை, கிழங்கு மாவைக் களத்தில் பரப்பிக் காயவைப்பது. மாதம் தவறாமல் வருவாள், குளித்துப் பூ வைத்துக்கொண்டுதான் வருவாள், ஆனாலும் புருவ மயிருக்குள் மாவு வெள்ளையாய் ஒட்டியிருக்கும். வேலை நேரத்தில் விரலெல்லாம் மாவாக இருப்பதால் மணிக்கட்டின் பின்பக்கத்தால் புருவத்தைத் துடைப்பாளாம், வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. குழந்தையாக இருந்தபோது சங்கவி அதைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கு அதையே பெயராக்கிவிட்டாள். இந்த விடுதியில் ஒவ்வொரு ஆளுக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு, எனக்கு மூக்கின் மேல் கண்ணாடி பதிந்த தழும்பைத் தொடுவது. அம்மாவும் மகளும் பேசுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடத்துச் சைகை பாதி, அவர்களாக உண்டாக்கியது பாதி. ஒருமுறை சரோஜினி களத்தில் மழை வந்து எல்லாரும் படுதாவை இழுத்துக்கொண்டு ஓடியதையும் மேஸ்திரி மாவில் வழுக்கி விழுந்ததையும் நடித்துக் காட்டினாள். சங்கவி சிரித்த சத்தத்தில், தன் சத்தம் தனக்குத் தெரியாத அந்தப் பெருஞ்சிரிப்பில், கொட்டகையே திரும்பிப் பார்த்தது. "வாய மூடு புள்ள, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் குழந்தைவேல். சரோஜினி அவரைப் பார்த்து, "பாத்தா பாக்கட்டும், உங்களுக்கென்ன, நீங்க பொறியப் பாருங்க" என்றாள். அந்த வீட்டில் இந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே வாய் அது. அதைத்தான் எரித்துவிட்டு வந்திருக்கிறார்கள். பரீட்சை முடிந்து இவள் எந்த வீட்டுக்குப் போவாள், யாரோடு பேசுவாள், விடிந்தால் அடைந்தால் ஐந்து விரல் வாய்க்குப் போகும், சாப்ட்டியா, இவள் தலையாட்டுவாள், அவ்வளவுதானா?

நாகு நினைவுக்கு வருகிறான். வரக்கூடாது என்று நினைத்தால் வருகிறவன். என் தம்பி, அவனுக்கும் காது கேட்காது. எங்கள் அப்பா போன அன்று அவனுக்கு ஆறு வயது. வாசலில் பந்தல் போட்டார்கள், நாற்காலி வந்தது, மேளக்காரர்கள் வந்தார்கள், சித்தப்பா அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டார், தீபாவளிக்கு எடுத்த ஆரஞ்சுச் சட்டை, அதுதான் கைக்குக் கிடைத்தது. கூட்டத்தைப் பார்த்ததும் அவன் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டான். சிரித்துக்கொண்டே வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டான். ஒரு அத்தை அவன் கன்னத்தில் அறைந்தாள், சிரிக்கிறான் பாரு சனியன் என்று. அவன் எதற்கு அடி என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். எனக்கு அப்போது இந்தப் பாஷை ஏது? அப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவன் அவர் எங்கோ ஊர்வலம் போகிறார் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றான், ஒரு கன்னம் சிவந்து. இப்போது திருப்பூரில் கட்டிங் மாஸ்டர், பேரன் பிறந்துவிட்டான். இன்னமும் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும், மாலையையும் மேளத்தையும் பார்த்ததும், என் தோளைத் தட்டி முதலில் கேட்பது, யார் செத்தது? அவன் மனைவிக்குக் கோபம் வரும், அபசகுனம் என்பாள். அவள் கோபம் யார்மேல் போக வேண்டும்? அந்தச் சித்தப்பாமேல், அந்த அத்தைமேல், கேட்காதவனுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்த ஒரு தெருவின்மேல். எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், நிம்மதியாக, அவரவர் சாவுக்கு உரிய அழுகையோடு. இங்கே புதிதாக ஒரு தெரு உட்கார்ந்திருக்கிறது, கண்ணாடிச் சுவரும் பஞ்சாமிர்தமுமாக.

"என்ன, எல்லாம் ஓகேவா?" பிரமிளா மேடம்தான், கொட்டகைத் தூணில் கைவைத்து நிற்கிறார், பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டு. குழந்தைவேல் பாதி எழுந்து கும்பிடுகிறார். "பாப்பாகிட்ட அம்மா நல்லாருக்குதுன்னு சொல்லச் சொன்னேனுங்க மேடம். மிஸ் இன்னும் சொல்லலீங்க." காட்டிக்கொடுக்கிறார். "சொல்லுங்க சௌந்தரம் மிஸ்" என்கிறார் மேடம், 'அம்மா'வுக்கு அகலமாய் வாய் திறந்து, 'நல்லா'வுக்குப் பல்லில் நாக்கை வைத்து, "அம்மா நல்லா இருக்காங்கன்னு சொல்லுங்க, என்ன கஷ்டம்?" சங்கவி மேடத்தின் உதட்டைப் பார்க்கிறாள். எப்போதும் பார்ப்பவள்தான், மாவட்டப் போட்டியில் உதட்டசைவு படிப்பதற்குக் கோப்பை வாங்கியவள், அந்தக் கோப்பை மேடத்தின் அறையில்தான் இருக்கிறது, கண்ணாடிக்குப் பக்கத்தில். கண்ணாடி. எனக்கு நெற்றிக்குள் ஏதோ இடறுகிறது. கண்ணாடிக்கு உள்ளிருந்து குரல் வெளியே வராது என்று மேடம் நினைக்கிறார். வராது, உண்மைதான். உதடு வருமே. போன மாதம் அந்தப் போன் எந்த நேரத்தில் வந்தது, தட்டு கழுவுகிற நேரத்திலா, மேடம் போனில் என்ன சொல்லியிருப்பார், திருப்பித் திருப்பிச் சொல்லித்தானே கேட்டிருப்பார், அம்மாவா, சங்கவியோட அம்மாவா, இறந்துட்டாங்களா என்று, குழாயடியைப் பார்த்து நின்றுகொண்டு, வகுப்பில் சொல்லித்தருவதுபோல ஒவ்வொரு எழுத்தாக. போன மாதம் ஒருநாள் மதியம் சங்கவி குழாயடியில் தட்டைப் போட்டுவிட்டு நின்றிருந்தாள். கண் மூடியிருந்தது, மணிக்கட்டு புருவத்தின்மேல் இருந்தது. நான் தலைவலி என்று நினைத்தேன். தைலம் தேய்த்துவிட்டேன், மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தேன். அவள் படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெகுநேரம், எதற்கோ காத்திருப்பதுபோல. அதற்குப் பிறகு பாயசத்தில் சவ்வரிசியை ஒதுக்கிவைத்தாள். நான் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன், வயிறு சரியில்லை என்று.

கண் மூடியிருந்தது. ஐயோ, அதைப் பார்த்த பிறகும் தைலம் தேய்த்தேனே. இந்த விடுதியில் கண்ணை மூடுவது சாதாரணம் இல்லை. சண்டையின் நடுவே ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டால் அது செருப்பால் அடித்ததற்குச் சமம், இனி உன் பேச்சு எனக்குள் வராது என்று கதவைச் சாத்துவது. அதைவிட்டால் கண்ணை மூடிப் பேசுவது ஒரே ஒரு காரியத்துக்கு. முன்பு பூவிழி என்று ஒரு பெண் இருந்தாள், மோவாயில் குழி, அந்தக் குழியைத் தொட்டால் அவள் பெயர். விடுமுறையில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பள்ளி திறந்து அவள் கட்டில் காலியாகக் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரி மோவாயைத் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வழக்கம் அது, பூவிழியைப் பார்த்தே இராத சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும், இறந்தவர் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்ல வேண்டும். கேள்விக்குப் பதில் வராத இடத்தைப் பார்த்துப் பேசுகிற பேச்சு. நான் படித்த புத்தகங்கள் எதிலும் அதைவிடச் சுருக்கமான இரங்கற்பாவை வாசித்ததில்லை. அப்படியானால் சங்கவிக்குத் தெரியும். ஒரு மாதமாகத் தெரியும். தனியாக, யாரிடமும் சொல்லாமல், பாடம் எழுதி, பிரேயரில் நின்று, என்னிடம் தலைவாரிக்கொண்டு. ஏன் அழவில்லை? ஏன் கேட்கவில்லை? உதட்டிலிருந்து எடுத்தது திருட்டு. யாருக்கோ யாரோ சொன்னது அது, அவளுக்குச் சொன்னது இல்லை. அவளுக்கு என்று ஒரு கை எழுந்து சொல்ல வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள். இப்போது கேட்டாளே, அம்மா எங்கே என்று, அது கேள்வியா? இல்லை, பரீட்சை எழுதிக்கொண்டிருப்பது நாங்கள்.

பெஞ்சு அதிர்கிறது. எங்களுக்குக் கேட்பதற்கு முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது, கொட்டகை முழுக்க உள்ளங்கைகள் சிமெண்டுப் பெஞ்சின்மேல் பதிகின்றன. சங்கவியின் கையும், டப்பாவுக்குப் பக்கத்தில். பின்பக்கத் தண்டவாளத்தில் சரக்கு வண்டி. முதலில் முனகல், பிறகு இடி, தகரக் கூரை நடுங்குகிறது, சாப்ட்டியா சாப்ட்டியா எல்லாம் அடியோடு அமுங்கிவிட்டது. பெற்றோர்கள் வாயைப் பாதியில் நிறுத்திக்கொண்டு வண்டி போகக் காத்திருக்கிறார்கள். பிள்ளைகள் நிறுத்தவில்லை. எதிர்ப் பெஞ்சுப் பெண் தூரத்துப் பெஞ்சுப் பெண்ணிடம் ஏதோ நையாண்டி செய்கிறாள், அவள் திருப்பிக் கொடுக்கிறாள். இந்தப் பேரிரைச்சலில் பேச முடிகிறவர்கள் இவர்கள்தான். இவர்களும், இவர்கள் புண்ணியத்தில் நானும். குழந்தைவேலின் வாய் அசைகிறது, ஒன்றும் வரவில்லை. தூணருகே மேடத்தின் வாய் விரிகிறது, குவிகிறது, ஒன்றும் வரவில்லை. என் மடியிலிருந்து கை எழுகிறது. நான் எழுப்பினேனா, அதுவாக எழுந்ததா? மணிக்கட்டு புருவத்துக்குப் போகிறது. சங்கவி என் கையைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்க்கிறாள். திறந்திருக்குமா, மூடுமா என்று.

மூடுகிறேன். இருட்டுக்குள் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, பெட்டி பெட்டியாக, நெஞ்சுக்குள் ஏறி இறங்கி. திறக்கப் பயமாக இருக்கிறது. திறந்தபோது அவளும் கண்ணை மூடியிருக்கிறாள், அவள் மணிக்கட்டும் புருவத்தில் இருக்கிறது, மூடிய இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு மாதத் தண்ணீர். அந்தப் பெருஞ்சிரிப்பைப் போலவே பெரிதாக ஒரு அழுகை அவள் தொண்டையிலிருந்து வந்திருக்க வேண்டும், வாய் அப்படித் திறந்திருக்கிறது, வண்டிச் சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லை. பிறகு கண்ணைத் திறக்கிறாள். விரலைக் கொட்டகையைச் சுற்றிச் சுழற்றுகிறாள். யார் யாருக்குத் தெரியும்? அப்பாவுக்கு? தலையசைக்கிறேன். வாயின் இரண்டு ஓரத்தையும் இழுக்கிறாள், மேடத்துக்கு? தலையசைக்கிறேன். தன் மூக்குத் தண்டைத் தொடுகிறாள், உனக்கு? இன்றைக்கு, மதியம். என் முகத்தை அவள் படிக்கிறாள், வரி வரியாக, உதட்டைப் படிப்பதைவிட நிதானமாக. பிறகு ஒரு முறை தலையசைக்கிறாள். கண்ணீரைத் துடைக்கவில்லை. அப்பாவைச் சுட்டுகிறாள், என் தொண்டையைத் தொடுகிறாள், நீ பேசு, அவருக்குக் கேட்கும்படி. அவள் கைகள் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்கின்றன. நான் பார்க்கிறேன். கடைசிப் பெட்டி போகிறது.

சட்டென்று வந்த அமைதியில் மேடத்தின் குரல் மிச்சமிருக்கிறது, "அவகிட்ட என்ன சொன்னீங்க? சௌந்தரம் மிஸ், உங்களைத்தான் கேக்கறேன், என்ன சொன்னீங்க?" நான் திரும்பவில்லை. குழந்தைவேலுக்குப் புரிந்துவிட்டது, புரியாமல் இருக்க மகளின் முகத்தில் இடமில்லை. தோளில் கிடந்த துண்டை வாய்க்குக் கொண்டு போகிறார். "களத்துலயே விழுந்துட்டாளுங்க மிஸ், நெஞ்சு வலின்னு ஒரு வார்த்தை... எனக்கு இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க மிஸ்" என்கிறார், இன்னும் என்னிடமே. "என்ன கேக்குது பாப்பா? என்னமோ கேட்டுதே?"

வருஷக்கணக்காக நான் உரக்கப் பேசியதில்லை, இந்த வேலையில் அதற்குத் தேவை இருந்ததில்லை. என் குரல் எனக்கே அந்நியமாக, கொட்டகையின் கடைசிப் பெஞ்சு வரைக்கும் போகிறது. "அம்மா புருவத்துல மாவு இருந்திருக்கும். அதைத் தொடச்சுவிட்டுத்தான் கொண்டு போனீங்களான்னு கேக்கறா. யார் தொடச்சதுன்னு கேக்கறா."

அத்தனை பெஞ்சும் திரும்பிப் பார்க்கிறது. பார்த்தால் பார்க்கட்டும். குழந்தைவேல் வாயைத் திறக்கிறார், என்னைப் பார்த்து. சங்கவி முன்னால் நகர்ந்து அவர் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புகிறாள். அவர் உதட்டை அவள் பார்க்கவில்லை. தீப்பொறி சுட்ட அவருடைய இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறாள்.